காலேஜ் நாடகத்துல "நிறுத்து"ன்னு சொல்ல ஒரு ஆள் வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பொங்கல் முடிஞ்சதும் காலேஜ்கள்ல நாடக சீசன் ஆரம்பிச்சிடும். ஆண்டு விழா, கல்ச்சுரல்ஸ், இன்டர் காலேஜ் போட்டி, டிபார்ட்மென்ட் நாடகம்னு மார்ச் வரைக்கும் ஓய்வே இருக்காது. தஞ்சாவூர், திருச்சி, மதுரைப் பக்கம் காலேஜ் பசங்க போடுற நாடகங்களுக்கு லைட்டும் செட்டும் பண்ணிக் கொடுக்குறது என் வேலை. பசங்க நாடகம் எனக்கு உயிர், அதனாலதான் இந்த லெட்டர எழுதுறேன். சொல்ல வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். காலேஜ்ல நாடகம் போட்டா அதுல யாருக்காவது அடிபடாம, ஷாக் அடிக்காம, தீப்பிடிக்காம, கூட்டத்துல நசுங்காம பார்த்துக்குற பொறுப்பு யாரோடதுன்னு பேப்பர்ல பேர் போட்டு எழுதி வைக்கணும். அந்த ஆளுக்கு எந்த நேரத்துலயும் ஒத்திகையையோ ஷோவையோ நிறுத்துற அதிகாரம் இருக்கணும், சீஃப் கெஸ்ட் முன்வரிசைல உக்காந்திருந்தாலும் சரி.

இப்ப அப்படி யாரும் கிடையாது. நாடகத்துக்கு பெர்மிஷன் கேட்டு லெட்டர் கொடுத்தா என்ன கேக்குறாங்கன்னு பாருங்க. ஸ்கிரிப்ட் ரெண்டு காப்பி, நடிக்கிறவங்க பேரு ரோல் நம்பர், சீஃப் கெஸ்ட் யாரு, ஹால் எத்தன மணிக்கு காலி பண்ணுவீங்க, இவ்வளவுதான். ஸ்கிரிப்ட ஒரு கமிட்டி உக்காந்து வரி வரியா படிக்கும், அரசியல் இருக்கா, சாதி பேரு வருதா, கெட்ட வார்த்தை இருக்கான்னு பென்சில் வச்சு அடிக்கும். மேடைல எட்டடி உயரத்துல பிளாட்பாரம் போட்டு அதுல ஆறு பேரு நிக்கப் போறாங்கன்னு அதே ஸ்கிரிப்ட்ல எழுதியிருந்தாலும் அந்த வரிய யாரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க.

இது காலேஜ்ல புதுசா வந்த பழக்கம் இல்ல. தமிழ்நாட்டுல 1954ல ஒரு நாடகச் சட்டம் வந்துச்சு, அத வச்சு நாடகக்காரங்க போலீஸ்கிட்ட ஸ்கிரிப்ட கொடுத்து அனுமதிக்கு அலைஞ்சது பல வருஷம். பரீக்‌ஷா ஞாநிங்கிற நாடகக்காரர் கோர்ட்டுக்குப் போயி 2013ல சென்னை உயர்நீதிமன்றம் அந்தச் சட்டத்தோட முக்கியமான பிரிவுகள் செல்லாதுன்னு தீர்ப்பு சொன்னது நாடகக்காரங்க எல்லாருக்கும் தெரியும். நாடகம்னாலே பேச்சுதான் ஆபத்து, வசனத்தப் பார்த்தா போதும்ங்கிற நெனப்பு மட்டும் ஆபீஸ்கள்ல அப்படியே தங்கிடுச்சு. உண்மையான ஆபத்து ஏணில, ஒயர்ல, கயித்துல, பூட்டின கதவுல இருக்கு.

கயிறுன்னு சொன்னேன், அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா எனக்கு ராத்திரி தூக்கம் வராம பண்றது அதுதான். காலேஜ் நாடகத்துல தூக்கு சீன் அடிக்கடி வரும். விவசாயி தற்கொலை, வரதட்சணை, நீட், பகத் சிங், கட்டபொம்மன், எத எடுத்தாலும் கடைசில ஒரு கயிறு தொங்கும். 2022 அக்டோபர் கடைசில கர்நாடகா சித்ரதுர்கால ஒரு பன்னெண்டு வயசுப் பையன் ஸ்கூல் விழாவுல பகத் சிங் வேஷம் போடணும்னு வீட்டுல தூக்கு சீன ஒத்திகை பார்த்து செத்தே போயிட்டான். அதுக்கு முந்தின வருஷம் உத்தரப் பிரதேசம் பதாயூன் பக்கம் சுதந்திர தின நாடகத்துக்கு இதே பகத் சிங் சீன பழகிப் பார்த்த இன்னொரு சின்னப் பையன் இதே மாதிரி போனான். ரெண்டு தடவையும் பெரியவங்க யாரும் பக்கத்துல இல்ல. ரெண்டு குழந்தைங்களும் ஆசையா வேஷத்துக்கு தயாரானதுதான், வேற ஒரு தப்பும் பண்ணல.

"அது சின்னப் பசங்க, நம்ம பசங்க பெரியவங்க"ன்னு என்கிட்ட ஒரு பேராசிரியரே சொன்னாரு. சார், கழுத்துக்கு வயசு தெரியாது. சுருக்கு இறுகினா மூளைக்குப் போற ரத்தம் நிக்கும், சில செகண்ட்லயே நெனவு போயிடும், கத்த முடியாது, கையத் தூக்கி கயித்தப் பிடிக்கவும் முடியாது. கீழ நிக்கிறவங்க பார்த்தா நல்லா நடிக்கிறான்னுதான் தோணும், கை தட்டக்கூட செய்வாங்க. அதனால என் விதி ரொம்ப சிம்பிள். கழுத்துல போடுற கயித்தோட மேல் முனை எதுலயும் நிஜமா கட்டியிருக்கக் கூடாது. மேல கட்டித் தொங்குற கயிறு ஒண்ணு, கழுத்துல இருக்குற சுருக்கு வேற ஒண்ணு, ரெண்டையும் சேர்க்குற இடத்துல தையல் நூலோ வெல்க்ரோவோதான் இருக்கணும், லேசா இழுத்தாலே கையோட வரணும், அத ஒவ்வொரு ஷோவுக்கு முன்னாடியும் இழுத்துப் பார்க்கணும். ஸ்டூல் மேல ஏறவே வேண்டாம். ஆள் அந்தரத்துல தொங்கித்தான் ஆகணும்னு டைரக்டர் அடம் பிடிச்சா உடம்புல ஹார்னஸ், அதாவது எடையத் தாங்குற பெல்ட்டு போட்டு, ஆளத் தொங்க விடுற வேலை தெரிஞ்ச ரிக்கர வச்சுத்தான் பண்ணணும், காலேஜ்ல அதுக்கு காசும் இருக்காது ஆளும் இருக்காது, அதனால வேண்டாம்னு சொல்லிடணும். நான் பண்ணுன நல்ல தூக்கு சீன்கள்ல கழுத்துல கயிறே கிடையாது. பின்னாடி வெள்ளைத் திரைல கயித்தோட நிழல் மட்டும் விழும், நடிகர் அதப் பார்த்துட்டு நிப்பாரு, லைட் அணையும், அவ்வளவுதான். ஜனங்க அழுதாங்க.

தனியா ஒத்திகை பார்க்கக் கூடாதுங்கிறது இன்னும் முக்கியம். கயிறு, கத்தி, தீ, உயரம் இது நாலுல எது இருந்தாலும் ஹாஸ்டல் ரூம்ல, மொட்டை மாடில பசங்க தாங்களா பழகிப் பார்க்கக் கூடாதுன்னு முதல் நாளே சொல்லி கையெழுத்து வாங்கணும். அந்தப் பொருள்கள ஒரு பொட்டில போட்டு பூட்டி சாவிய ஒரே ஆள் வச்சுக்கணும். அருவா நிஜ அருவாதான் வேணும், அதுதான் மின்னும்னு ஊர்ல இருந்து எடுத்துட்டு வர்ற பசங்க இருக்காங்க. பிளைவுட்ல வெட்டி சில்வர் பெயின்ட் அடிச்சா பத்தடி தள்ளி இருந்து பார்க்குறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது. துப்பாக்கி விஷயத்துல 2021ல அமெரிக்கால நியூ மெக்சிகோல ஒரு படப்பிடிப்புல டம்மின்னு நெனச்ச துப்பாக்கில நிஜ குண்டு இருந்து கேமரா பண்ணுன அம்மா செத்ததப் படிச்சிருப்பீங்க. அவ்வளவு பெரிய யூனிட்டுக்கே அப்படின்னா நம்ம பசங்களுக்கு பொம்மைத் துப்பாக்கியும் ஸ்பீக்கர்ல சவுண்டும் போதும்.

அடுத்து என் சொந்தத் தொழில், லைட்டு. காலேஜ் ஆடிட்டோரியம்னா பெரும்பாலும் பேச்சுப் போட்டிக்கும் பட்டமளிப்புக்கும் கட்டினது, நாடக லைட்டுக்குன்னு தனி லைன் இருக்காது. வாடகைக்கு எடுத்துட்டு வர்ற பழைய பார் லைட், அதாவது டப்பா மாதிரி இருக்குற மேடை லைட், ஒண்ணு 1000 வாட்ஸ். 230 வோல்ட்ல கணக்குப் போட்டா ஒரு லைட்டுக்கே நாலு ஆம்பியருக்கு மேல இழுக்கும். அப்ப சுவத்துல இருக்குற சின்ன பிளக்ல ஒரு லைட்டுக்கு மேல போடக் கூடாது, பெரிய பவர் பிளக்ல மூணுதான் தாங்கும், நாலாவது போட்டா அதிகம். ஆனா என்ன நடக்குது, ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல அஞ்சாறு லைட்ட சொருகி, லோடு அதிகமானா கரண்ட தானா நிறுத்துற எம்சிபி சுவிட்ச் டிரிப் ஆனா "ஏன்டா அடிக்கடி விழுது"ன்னு அத மேல தள்ளி குச்சி வச்சு முட்டுக் கொடுக்குறத நான் என் கண்ணால பார்த்திருக்கேன். அந்த எம்சிபி விழுறதுதான் நம்மள காப்பாத்துறதே. சுருட்டுன ஒயர சுருட்டுனபடியே வச்சுட்டு ஃபுல் லோடு கொடுத்தா உள்ள சூடு வெளியேற வழியில்லாம இன்சுலேஷனே உருகிடும், கேபிள முழுசா பிரிச்சுப் போடணும், பலருக்கு இது தெரியவே தெரியாது. த்ரீ ஃபேஸ் எடுக்குற இடத்துல கரண்ட் திரும்பிப் போற நியூட்ரல் ஒயர் லூசாகி கழண்டுச்சுன்னா 230 வர வேண்டிய லைன்ல 400 கிட்ட ஏறும், அப்புறம் லைட்டக் கூட்டிக் குறைக்குற டிம்மர் வெடிக்கும், மைக் செட் புகையும், மேடைல இருக்குற பசங்களுக்கு என்ன ஆச்சுன்னே புரியாது. அதனால த்ரீ ஃபேஸ் கனெக்‌ஷன லைசன்ஸ் வச்சிருக்குற எலக்ட்ரீஷியன்தான் கொடுக்கணும், செகண்ட் இயர் ஈஈஈ படிக்கிற தம்பி கொடுக்கக் கூடாது. கரண்ட் கசிஞ்சா ஆளுக்கு ஷாக் அடிக்காம லைன கட் பண்ற, 30 மில்லி ஆம்பியர்ல விழுற ஆர்சிசிபி சுவிட்ச் இல்லாம மேடைக்கு கரண்டே போகக் கூடாது. அதோட விலை ஒரு நாள் லைட் வாடகையவிட அதிகமெல்லாம் ஒண்ணும் இருக்காது.

மேல தொங்குற லைட்டப் பத்தி ஒரு விஷயம். ஒவ்வொரு லைட்டையும் க்ளாம்ப் போட்டு பைப்புல முறுக்குவோம், அது போக ஒரு சேஃப்டி செயின தனியா பைப்பையும் லைட் பாடியையும் சுத்திப் போடணும், க்ளாம்ப் கழண்டாலும் லைட் செயின்ல தொங்கும், தலைல விழாது. வாடகைக்கு வர்ற லைட்டுல பாதிக்கு செயின் இருக்காது, க்ளாம்ப்போட பட்டர்ஃப்ளை நட்டு மரை தேஞ்சு போயிருக்கும், கட்டுக்கம்பி வச்சு ரெண்டு சுத்து சுத்தி விட்டிருப்பாங்க. கட்டுக்கம்பி சூட்டுலயும் ஆட்டத்துலயும் தளர்ந்துக்கிட்டே போகும். ஷோ நேரத்துல ஸ்பீக்கர் பேஸ் அதிரும்போது கீழ நின்னு நிமிர்ந்து பார்த்தா அந்த லைட் லேசா தலையாட்டுறது தெரியும். அதுக்கு நேர் கீழதான் கோரஸ் பசங்க பதினஞ்சு பேரு உக்காந்திருப்பாங்க. மேல ஏறி லைட்ட திருப்புறப்ப கீழ ஒருத்தரும் நிக்கக் கூடாது, ஏணிய ஒருத்தர் பிடிச்சே இருக்கணும், ஸ்பேனர இடுப்புல கயித்தோட கட்டிக்கிட்டுத்தான் ஏறணும். இது மூணும் செலவில்லாத விதி.

தீ பத்தி சொல்றேன். சிகாகோல 1903 டிசம்பர் 30ஆம் தேதி இரோக்வாய் தியேட்டர்ல பகல் ஆட்டம். அந்த தியேட்டர் திறந்து சில வாரம்தான் ஆகியிருந்துச்சு, தீயே பிடிக்காதுன்னு விளம்பரம் வேற பண்ணியிருந்தாங்க. ஒரு ஆர்க் லைட்டுல இருந்து தெறிச்ச பொறி படுதால பிடிச்சுது. கீழ இறங்க வேண்டிய தீத்தடுப்புத் திரை பாதில சிக்கிக்கிச்சு, வெளிய போற கதவுகள் பல பூட்டியிருந்துச்சு, அறுநூறு பேருக்கு மேல செத்தாங்க, விடுமுறைக்கு நாடகம் பார்க்க வந்த குழந்தைங்கதான் நிறைய. நூத்தி இருபது வருஷத்துக்கு முந்தின கதைன்னு நெனைக்காதீங்க. அந்த விபத்துல இருந்த அத்தனையும் நம்ம காலேஜ் ஆடிட்டோரியத்துல இன்னிக்கும் இருக்கு, சூடான லைட்டு, அதுல இருந்து ஒரு சாண் தள்ளி துணிப் படுதா, பூட்டின கதவு. நம்ம ஊருலயே ஸ்ரீரங்கத்துல 2004 ஜனவரில கல்யாண மண்டபத்துல வீடியோவுக்கு இழுத்த ஒயர்ல பொறி கிளம்பி மேல கீத்துக் கொட்டகை பிடிச்சு மாப்பிள்ளை உள்பட ஐம்பது பேருக்கு மேல போனாங்க, திருச்சிக்காரங்க யாரும் அத மறக்கல. நாடகத்துல தீப்பந்தம், கற்பூரம், குத்துவிளக்குன்னு ஏதாவது இருந்தா அது நாலு நிமிஷ சீனா இருந்தாலும் பக்கவாட்டுல ரெண்டு பேரு ஈரச் சாக்கும் எக்ஸ்டிங்குஷரும் வச்சுக்கிட்டு நிக்கணும். கரண்ட் ஒயர்ல பிடிச்ச தீயில தண்ணி ஊத்தக் கூடாது, மெயின ஆஃப் பண்ணிட்டு சிஓ2 சிலிண்டர்தான் அடிக்கணும், சிலிண்டரோட சேஃப்டி பின்ன இழுத்து, தீயோட அடிப்பக்கம் பார்த்து அடிக்கணும். ஆடிட்டோரியத்துல சிவப்பு சிலிண்டர் சுவத்துல தொங்கும், அத இறக்கி அடிக்கத் தெரிஞ்ச ஒரு ஆள் ஹால்ல இருக்காரான்னு கேட்டா பதில் வராது. படுதாவ போராக்ஸும் போரிக் ஆசிடும் கரைச்ச தண்ணில நனைச்சு காய வச்சா பருத்தித் துணி சட்டுன்னு பத்தாது, துவைச்சா போயிடும், திரும்ப நனைக்கணும். ஒரு நாள் வேலை.

கதவு விஷயத்துல எனக்கு வர்ற ஆத்திரம் இருக்கே. ஒரு காலேஜ்ல, பேர் வேண்டாம், ஹாலுக்கு நாலு வாசல், ஆயிரம் பேருக்கு மேல கூட்டம். மேடைக்கு இடது பக்கம் எக்ஸிட்டுன்னு பச்சைல எரியுது, அழகா எரியுது, அதுக்குக் கீழ இழுக்குற கிரில் கேட்டு, அதுல பூட்டு, கேட்டுக்கு அந்தப் பக்கம் பழைய பெஞ்சும் உடைஞ்ச போடியமும் தலை உயரத்துக்கு அடுக்கியிருக்கு. சாவி எங்கன்னா வாட்ச்மேன் அண்ணன்கிட்ட, அவரு எங்கன்னா மெயின் கேட்டுல சீஃப் கெஸ்ட் காருக்கு நிக்கிறாரு. தொறங்கன்னு கேட்டா "வெளில இருந்து பசங்க உள்ள வந்துடுவாங்க சார், டிசிப்ளின் போயிடும்"ன்னு பதில். அன்னிக்கு நானும் நாடகத்து ஸ்டேஜ் மேனேஜர் பொண்ணும் பிடிவாதமா நின்னோம், அந்தப் பொண்ணுதான் கதவு தொறக்காம நாடகத்த ஆரம்பிக்கிற பெல் அடிக்க மாட்டேன்னு சொல்லிடுச்சு, முக்கால் மணி நேரம் லேட்டாச்சு, தொறந்தாங்க. அதுக்கு அந்தப் பொண்ணுக்குக் கிடைச்சது பாராட்டு இல்ல, மெமோ. டெல்லி உபஹார் தியேட்டர்ல 1997 ஜூன் 13ஆம் தேதி 59 பேரு செத்தாங்களே, அங்கயும் கூடுதலா சீட்டு போட்டு வழிய அடைச்சதும் கதவு தொறக்க முடியாம போனதும்தான் உயிர வாங்குச்சுன்னு கோர்ட்டு வரைக்கும் பேசுன விஷயம். நடைபாதைல பிளாஸ்டிக் சேர் போடுறத தயவுசெஞ்சு யாரும் சாதாரணமா எடுத்துக்காதீங்க.

கூட்டத்துக்கு வர்றேன். 2023 நவம்பர் 25, கொச்சி குசாட் யுனிவர்சிட்டி, டெக் ஃபெஸ்ட்ல பாட்டுக் கச்சேரி, திறந்தவெளி ஆடிட்டோரியம். வாசல்ல இருந்து இறங்குற படிக்கட்டு செங்குத்தா இருக்கும். பசங்கள பகுதி பகுதியா உள்ள விட்டுட்டு இருந்தாங்க, திடீர்னு மழை, வெளில நின்ன கூட்டம் மொத்தமா உள்ள ஓடி வந்துச்சு, படில முன்னாடி இருந்தவங்க விழுந்தாங்க, அவங்க மேல பின்னாடி வந்தவங்க. நாலு பேரு செத்தாங்க, மூணு பேரு அந்த யுனிவர்சிட்டி ஸ்டூடன்ட்ஸ். அறுபது பேருக்கு மேல காயம். போலீஸ் பாதுகாப்பு கேட்டு பிரின்சிபால் ரெஜிஸ்ட்ராருக்கு முன்கூட்டியே லெட்டர் எழுதியிருந்தாருன்னும் அது மேல நகரவே இல்லன்னும் அப்ப செய்தில வந்துச்சு. அந்தச் செய்தியப் படிச்சப்ப வயிறு எரிஞ்சுது. ஆபத்து தெரிஞ்ச ஆள் இருந்திருக்காரு, எழுதியும் இருக்காரு. ஆனா இது நடக்கலன்னா நிகழ்ச்சி கிடையாதுன்னு சொல்ற அதிகாரம் யார் கைலயும் இல்ல. நாடகத்துக்கு அவ்வளவு கூட்டம் வராதுன்னு சொல்லலாம், ஆனா போட்டி ஃபைனல் அன்னிக்கு ஆறு காலேஜ் பசங்க ஒரே வாசல்ல நிக்கிறத பார்த்தவங்களுக்குத் தெரியும். ஹால்ல எத்தன சீட்டோ அத்தன டோக்கன்தான் கொடுக்கணும், உள்ள வர்ற வழி வேற வெளிய போற வழி வேறயா இருக்கணும், மழை வந்தா வெளில நிக்கிறவங்க எங்க ஒதுங்குவாங்கன்னு முன்னாடியே யோசிச்சு ஒரு இடம் சொல்லணும்.

வெளி ஆள் வந்து சொல்லிக் கொடுக்குறதுலயும் ஒரு பெரிய ஓட்டை இருக்கு. 2018 ஜூலைல கோயமுத்தூர் பக்கம் ஒரு காலேஜ்ல பேரிடர் பயிற்சின்னு சொல்லி ரெண்டாவது மாடில இருந்து பசங்கள கீழ விரிச்ச வலைல குதிக்கச் சொன்னாங்க. பயந்து தயங்குன ஒரு பொண்ண டிரெயினரே தள்ளி விட்டாரு, முதல் மாடி சன்ஷேடுல அடிபட்டு செத்துப் போச்சு. அந்த டிரெயினருக்கு நாங்க அனுமதி கொடுக்கலன்னு தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் சொல்லிடுச்சு. அவரு யாரு, என்ன சர்ட்டிஃபிகேட்டுன்னு முன்னாடி யாரும் கேக்கல. நாடகத்துக்கும் இதே மாதிரி ஸ்டன்ட் மாஸ்டர், சிலம்ப மாஸ்டர், ஃபிசிக்கல் தியேட்டர் ஒர்க்‌ஷாப்புன்னு ஆளுங்க வர்றாங்க. நல்லவங்கதான் அதிகம், அவங்ககிட்ட நானே நிறைய கத்துக்கிட்டேன். ஆனா "பயமா இருக்கு, பண்ண மாட்டேன்"ன்னு ஒரு ஸ்டூடன்ட் சொன்னா அதுக்கு மேல ஒரு வார்த்தை வற்புறுத்தக் கூடாதுங்கிறத யாரு வந்தாலும் கேட்டுத்தான் ஆகணும். நடிகன்னா பயப்படக் கூடாதுன்னு சொல்லி உசுப்பேத்துறது நம்ம நாடக உலகத்துல ரொம்ப நாளா இருக்குற கெட்ட பழக்கம், அத விடணும்.

இதோட சேர்ந்ததுதான் பொண்ணுங்க பாதுகாப்பு. ஒத்திகை ராத்திரி ஒன்பது பத்து வரைக்கும் போகும், ஹாஸ்டல் கேட் மூடியிருக்கும், டே ஸ்காலர் பொண்ணுங்க கடைசி பஸ்ஸ விட்டுட்டு நிப்பாங்க. முடியிற நேரம் போர்டுல எழுதணும், அத மீறக் கூடாது, மீறுனா வண்டி ஏற்பாடு காலேஜோட பொறுப்பு. கட்டிப்பிடிக்கிற சீன், அடிக்கிற சீன், பலாத்காரத்தக் காட்டுற சீன் இதெல்லாம் இருந்தா யாரு கை எங்க படும், எங்க படக் கூடாதுன்னு ரெண்டு நடிகருக்கும் முன்னாடியே பேசி முடிவு பண்ணி, டான்ஸ் ஸ்டெப் மாதிரி எண்ணிப் பழகணும். "எமோஷன் வரணும்"ன்னு சொல்லி டைரக்டர் தன் கையால செஞ்சு காட்டுறது, தனியா ரூமுக்கு வரச் சொல்லி ஒத்திகை பார்க்குறது இதுக்கெல்லாம் இடமே இல்ல. ஸ்டூடன்ட்ஸ் பாலியல் புகாரும் காலேஜோட உள் புகார் கமிட்டிக்குப் போகலாம்னு யுஜிசி விதில தெளிவா இருக்கு, வெளில இருந்து வர்ற டைரக்டர் மேலயும் புகார் கொடுக்கலாம். கமிட்டி தலைவர் பேரும் நம்பரும் ஒத்திகை நடக்குற இடத்துல ஒட்டியிருக்கணும். நான் போன பல இடத்துல அப்படி ஒரு கமிட்டி இருக்குறதே பசங்களுக்குத் தெரியல.

சின்னச் சின்னதா இன்னும் இருக்கு. ட்ரை ஐஸ் புகை காத்தவிட கனம், கீழ பள்ளத்துல தேங்கும், அங்க படுத்திருக்குற நடிகருக்கு மூச்சு முட்டும். பளிச் பளிச்னு விட்டு விட்டு மின்னுற ஸ்ட்ரோப் லைட் போட்டா வலிப்பு இருக்குறவங்களுக்கு ஆகாது, வாசல்லயே எழுதிப் போடணும். ஒரே மை குச்சிய இருபது பேருக்கு போட்டா மெட்ராஸ் ஐ வர எத்தன நேரம். பிளாக் அவுட்ல மேடை விளிம்பு தெரியாம விழுந்து காலு உடைஞ்சவங்க உண்டு, விளிம்புலயும் படிலயும் ரேடியம் டேப் ஒட்டினா போதும். ஆணி குத்தினா டிடி ஊசி. பயிற்சி நேரத்துல தண்ணி.

இதெல்லாம் கேட்டா கேக்குறவங்க ரெண்டு விதமா பதில் சொல்றாங்க. ஒண்ணு, காசு இல்ல. நான் மேல சொன்னதுல பாதிக்கு காசே வேண்டாம், மீதிக்கு ஆகுறது சீஃப் கெஸ்டுக்குப் போடுற சால்வை, ஷீல்டு, ஃபிளக்ஸ் செலவுக்குள்ள அடங்கிடும். இன்னொண்ணு நாடகக்காரங்க பக்கத்துல இருந்து வர்றது, இது நியாயமான பயம். நிறுத்துற அதிகாரத்த காலேஜ் கைல கொடுத்தா பிடிக்காத நாடகத்த "சேஃப்டி"ன்னு சொல்லி நிறுத்திடுவாங்க சார்னு கேக்குறாங்க. நடக்கும், நம்ம ஊரு நடப்பு தெரிஞ்சவங்க யாரும் நடக்காதுன்னு சொல்ல மாட்டாங்க. அதனாலதான் பொறுப்பும் அதிகாரமும் யாருக்குன்னு எழுதி வைக்கிற அந்தத் தாளு ரொம்பத் தெளிவா இருக்கணும்னு கேக்குறேன். வசனம், கருத்து, கதை இதப் பத்தி அதுல ஒரு வரிகூட இருக்கக் கூடாது. உயரம், எடை, கரண்டு, தீ, கயிறு, கதவு, கூட்டம், ராத்திரி போக்குவரத்து, தொடுற சீன் இதுக்கு மட்டும்தான். எதுக்காக நிறுத்துனாங்கன்னு அங்கயே எழுதணும், சரி பண்ணினதும் ஷோ தொடரணும். அதிகாரம் ரெண்டு பேருகிட்ட இருக்கணும், ஒருத்தர் ஸ்டாஃப், ஒருத்தர் ஸ்டூடன்ட் ஸ்டேஜ் மேனேஜர், யார் ஒருத்தர் சொன்னாலும் நிக்கணும். சொன்னதுக்காக அந்த ஸ்டூடன்ட் மேல மெமோ, இன்டர்னல் மார்க்குல கை வைக்கிறதுன்னு எதுவும் வரக் கூடாதுன்னு அதே தாள்ல பிரின்சிபால் கையெழுத்து போடணும்.

ஜனங்கள உள்ள விடுறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி அவங்க ரெண்டு பேரும் ஹால ஒரு சுத்து நடந்து வரணும். எல்லாக் கதவையும் தன் கையால தள்ளித் தொறந்து பார்க்கணும், தொறந்திருக்குன்னு யாரோ சொன்னத நம்பக் கூடாது. அப்புறம் மைக்ல வரவேற்புரைக்கு முன்னாடி ஒரு நிமிஷம், வாசல் எங்கெங்க இருக்கு, லைட் போனா எந்தப் பக்கம் போகணும்னு ஜனங்களுக்குச் சொல்லணும். இங்கிலாந்துல பெரிய தியேட்டர்கள்ல தீத்தடுப்புத் திரைய ஜனங்க கண்ணு முன்னாடியே ஒரு தடவை இறக்கிக் காட்டுறாங்க, வேலை செய்யுதுன்னு எல்லாருக்கும் தெரியட்டும்னு. நம்மகிட்ட அந்தத் திரை இல்ல, மைக் இருக்கு.

தமிழ்ப் பல்கலைக்கழகத்துலயும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துலயும் நாடகத்த பாடமா சொல்லிக் கொடுக்குற துறை இருக்கு. மேடை தெரிஞ்ச ஆசிரியர்கள் அங்க இருக்காங்க. அவங்க உக்காந்து ஒரு பக்கத்துல தமிழ்ல ஒரு படிவம் தயார் பண்ணணும், தமிழ்நாட்டு உயர்கல்வித் துறை அத எல்லாக் காலேஜுக்கும் சர்க்குலரா அனுப்பணும், ஹால் புக்கிங் லெட்டரோட அந்தப் படிவமும் இருந்தாத்தான் சாவி கொடுக்கணும். நான் வேலை பார்க்குற குழுக்களுக்குன்னு ஒரு தாளு எழுதி வச்சிருக்கேன், லைட் லோடு கணக்கு, தூக்கு சீன் விதி எல்லாம் அதுல இருக்கு. எந்தக் காலேஜ் கேட்டாலும், எந்த ஸ்டேஜ் மேனேஜர் தம்பி தங்கச்சி கேட்டாலும் உங்க பத்திரிகை ஆபீஸ் மூலமா அனுப்பி வைக்கிறேன். ஜனவரி ஒத்திகை ஆரம்பிக்கிறதுக்குள்ள கேட்டா நல்லது.

இப்படிக்கு,
நாடக லைட்டிங் பண்ணும் வாசகர்,
தஞ்சாவூர்